நோன்பு நாளில் வெண்ணெய்

லெகாதித் மாதம் 20, மெக்கெலே

காலையில் இரண்டு தலை. பின்னல் கடையை மூடி நாலு மாதமாகிறது, இப்போது வீட்டு முற்றத்தில்தான் தொழில். சண்டை நடந்தாலும் பெண்களுக்குத் தலை அரிக்கத்தான் செய்கிறது. இரண்டாவது தலையைப் பாதி பின்னிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு உருவம் வந்து நின்றது. முக்காடு அழுக்கேறி, செருப்பு அறுந்து. ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள் தினமும் நாலைந்து பேர் வருகிறார்கள். "உள்ள வாம்மா, சாப்பிட இஞ்ஜெரா இருக்கு" என்றேன்.

"பரவால்லையே, அண்ணிக்கு இரக்கமெல்லாம் வந்திருக்கு" என்றது உருவம்.

திர்ஹாஸ். என் வீட்டுக்காரர் மெஹாரியின் ஒரே தங்கை. அபியி அடி என்ற ஊர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கணக்கு டீச்சர். சண்டை தொடங்கியதிலிருந்து ஒரு தகவலும் இல்லை. பாதித் தலையோடு அந்தம்மாவை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். எலும்பு குத்தியது. என் கல்யாணத்தன்று கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி "எங்கண்ணன் குடுத்து வச்சது இவ்வளவுதான் போல" என்று சொன்ன வாய். அன்று அவளை அறையலாம் போலிருந்தது. இன்று அந்த வாயைக் கேட்டதும் அழுதுவிட்டேன்.

லெகாதித் 22

தலையைத் தொட விடமாட்டேன் என்கிறாள். எண்ணெய் இல்லாமல் சடை விழுந்து கிடக்கிறது. ஒரு மணி நேர வேலை. "அண்ணி, விடுங்க" என்கிறாள். கிண்டல் இல்லாமல் சொல்கிறாள், அதுதான் பயமாக இருக்கிறது.

இன்று காப்பிக்கொட்டை வறுத்தேன். எங்கள் வீட்டில் அந்த வாசனைக்கு முதல் ஆளாக வந்து உட்காருகிறவள், எழுந்து வெளியே ஓடினாள். பின்பக்கம் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது.

கொட்டை கருகிப்போனது. நான் கிளறவில்லை.

லெகாதித் 25

சொன்னாள். சிப்பாய்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த நாட்களில் நடந்தது. மூன்று நாலு வாக்கியம்தான் சொன்னாள், கரும்பலகையில் கணக்கு எழுதுகிற குரலில். அதை இங்கே எழுதப்போவதில்லை. அது அவளுடையது.

கடைசியில், "அண்ணாகிட்ட நானேதான் சொல்வேன். நீங்க சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டு அக்காகிட்டயும் கூடாது" என்றாள். தலையாட்டினேன். பிறகு அவள் தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் கை அழுகிப் போகட்டும்.

லெகாதித் 29

பெருநோன்பு தொடங்கிவிட்டது. பாஸ்கா பண்டிகை வரைக்கும் இறைச்சி இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை, வெண்ணெய் இல்லை. சந்தையிலும் அவை இல்லை. இந்த வருஷம் நோன்பு கடவுளுக்கா, சண்டைக்கா என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டு ஸாஃபு அக்கா காலையிலேயே வந்து என் வெண்ணெய்ச் சட்டியைப் பார்த்து மூக்கைச் சுருக்கினாள். "அது தலைக்கு" என்றேன். பின்னலுக்குத் தடவுவது. "தலையோட நிக்கட்டும்" என்றாள். அறுபது வருஷ நோன்பில் ஒரு சொட்டுப் பால்கூட உள்ளே போகாதவள். இந்தத் தெருவில் யார் வீட்டு அடுப்பில் நெய் வாசனை வந்தாலும் நாலாவது வீட்டிலிருந்து கண்டுபிடித்துவிடுவாள். நல்ல மனுஷிதான். ஆனால் அவள் கண்ணுக்கு ஒரு பூட்டு செய்து போட்டால் தேவலை.

மெகாபித் 3

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பாதிக் கட்டில்களைச் சிப்பாய்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், ஜன்னலில் அட்டை. ஆனாலும் இந்த மாதிரிப் பெண்களுக்கென்று ஒரு அறை வைத்திருக்கிறார்கள். சிஸ்டர் அல்கனேஷ் என்று ஒரு நர்ஸ், என் வயசுதான் இருக்கும்.

"நீங்க வெளிய இருங்க" என்றாள் என்னிடம்.

"நான் அவளுக்கு அண்ணி."

"அதனாலதான்."

எனக்கு வந்த கோபத்தில் நடைபாதையில் இருந்த பெஞ்சை உதைத்தேன். கால் கட்டைவிரல் வீங்கியிருக்கிறது. உள்ளே எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வரும்போது திர்ஹாஸ் சொன்னாள்: கலைக்க வேண்டுமென்றால் அவள் சொல்வதே போதுமாம், போலீஸ் காகிதமோ சாட்சியோ வேண்டாமாம். பெற்றுக்கொள்கிறேன் என்றாலும் பார்த்துக்கொள்வார்களாம், பெற்றுக் குழந்தைகள் இல்லத்தில் கொடுக்கிறேன் என்றாலும் சரியாம். யோசிக்க நேரம் இருக்கிறது, ஆனால் நிறைய இல்லை.

"நீ என்ன சொன்ன?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல. அண்ணி, அந்தம்மா என்ன கேட்டா தெரியுமா? 'உனக்கு என்ன வேணும்'னு கேட்டா. அந்த நாளுக்கப்புறம் என்கிட்ட யாரும் அப்படிக் கேட்டதில்ல."

நானும் கேட்கவில்லை. சாப்பிடு, தூங்கு, தலையைக் காட்டு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மெகாபித் 5

மெஹாரி அடிஸ் அபாபாவிலிருந்து பேசினார். லாரியோடு அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கிறார். தங்கை வந்துவிட்டாள் என்றதும் மறுமுனையில் மூக்கு உறிஞ்சும் சத்தம்தான். "அவகிட்ட குடு" என்றார். அவள் கையை ஆட்டி வேண்டாம் என்றாள். குளிக்கிறாள் என்று பொய் சொன்னேன்.

மெகாபித் 8

இதை யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன்.

ஒரு அம்மா பின்னலுக்குப் பதிலாகப் பார்லி கொடுத்தாள். நல்ல பார்லி, கையில் எடுத்தாலே கனம். மத்தியானம் திர்ஹாஸ் தூங்கும்போது கல் பொறுக்கினேன். பிறகு என் கை தானாகவே வாணலியை எடுத்து வைத்தது. இளஞ்சூட்டில், கருகாமல், நிறம் மாறும்வரை. அரைத்துச் சலித்தும் வைத்துவிட்டேன்.

பார்லியை அப்படி வறுப்பது பேறுகாலக் களிக்குத்தான். மாதம் நெருங்கும்போது தெருப் பெண்கள் எல்லாரும் கூடி வறுப்பார்கள். குழந்தை விழுந்ததும் களி கிண்டி, மலை மாதிரி குவித்து, நடுவில் குழி பறித்து, உருக்கிய வெண்ணெயும் மிளகாய்த்தூளும் ஊற்றி, பெற்றவளைச் சுற்றி உட்கார்ந்து தின்பார்கள். எத்தனை வீட்டில் வறுத்திருக்கிறேன். என் வீட்டில் எனக்காக யாரும் வறுத்ததில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம்.

என் புத்தி போன போக்கைப் பார். அந்தப் பாவிகள் செய்ததில் எனக்கு ஒரு குழந்தை கிடைக்குமா என்று கணக்குப் போட்டிருக்கிறேன். நான் எல்லாம் ஒரு மனுஷியா?

மெகாபித் 9

வாசனை போகவில்லை. வறுத்த பார்லி அப்படித்தான், முக்காட்டில்கூட ஏறிக்கொள்ளும். திர்ஹாஸ் எழுந்ததும் மாவுப் பானையைத் திறந்து பார்த்தாள்.

"யாருக்கு அண்ணி இது?"

ரொட்டிக்கு என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பொய்க் கணக்குப் போட்ட பையனைப் பார்க்கிற மாதிரி.

சொல்லிவிட்டேன். "நீ பெத்துக் குடுத்துடு. நான் வளத்துக்கறேன். உன் கண்ணுலயே படாம வளத்துக்கறேன். எனக்குத் தெரியும், கேக்கக் கூடாதுதான்—" அதற்குமேல் என்ன உளறினேன் என்று நினைவில்லை.

அவள் பானையை மூடினாள். "சரி அண்ணி" என்றாள்.

"என்ன சரி?"

"பெத்துத் தரேன்."

அவ்வளவுதான். போய்ப் படுத்துக்கொண்டாள்.

மெகாபித் 11

சரி என்றுவிட்டாள். சரி என்றுவிட்டாள். இன்று பின்னிய தலைகள் எல்லாம் என் கையில் நேராக வந்தன. மெஹாரியின் பழைய சட்டைகள் மெத்தென்று இருக்கின்றன, துணிக்கு ஆகும். பெண்ணாக இருந்தால் சுருட்டை முடி வரும், திர்ஹாஸ் குடும்பத்து முடி. நான் பின்னிவிடுவேன். ஸாஃபு அக்கா கேட்டால் என்ன சொல்வது? பெற்றவள் சண்டையில் செத்துவிட்டாள், எடுத்து வளர்க்கிறேன் என்றால் யார் கேட்கப்போகிறார்கள். இந்த வருஷம் எல்லாரிடமும் ஒரு அநாதைக் குழந்தை இருக்கிறது.

திர்ஹாஸ் சும்மா படுத்திருக்கிறாள். மசக்கை.

மெகாபித் 14

இன்றும் சாப்பிடவில்லை. மசக்கைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மெகாபித் 15

இன்று அவளாகவே வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "பின்னுங்க அண்ணி. இனிமே என்ன இருக்கு." எனக்கு அந்த 'இனிமே' பிடிக்கவில்லை, ஆனாலும் சீப்பை எடுத்தேன்.

முடியைப் பிரித்துக்கொண்டே போனால், காதுக்குப் பின்னால் ஒரு இடம் வழுக்கை. கட்டைவிரல் அகலம். சீக்கில் கொட்டியது அப்படி இருக்காது. இது பிடுங்கினது. புதிதாகச் சிவந்திருந்தது.

"என்னடி இது?"

"பசங்க கணக்கு வரலன்னா பென்சிலைக் கடிப்பாங்க. எனக்கு இது."

"எப்பலருந்து?"

அந்த இடத்தைத் தடவிக்கொண்டே, "இன்னும் எத்தனை மாசம் அண்ணி?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் ஜெயிலில் இருக்கிற தன் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்த ஒருத்தி என்னிடம் இதே மாதிரி சொல்லியிருக்கிறாள், அவன் அங்கே இப்படித்தான் கேட்டுக்கொண்டே இருப்பான் என்று.

என் கை நின்றுவிட்டது. அவள் தலை என் முழங்காலில் சாய்ந்திருந்தது. நான் கேட்டேன், அவள் தந்தாள். என் வீட்டில் இருந்துகொண்டு என்னிடம் மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வராது. அது எனக்குத் தெரியாதா? தெரிந்துதானே கேட்டேன். அவர்கள் அவளைக் கேட்கவே இல்லை. நான் கேட்டேன், சரி. ஆனால் மாட்டேன் என்று சொல்ல இடம் வைத்தா கேட்டேன்?

வழுக்கை இடத்தை மறைத்துப் பின்னிவிட்டேன். ரொம்ப அழகாக இருந்தாள். அதைச் சொன்னேன். "கண்ணாடி வேண்டாம்" என்றாள்.

மெகாபித் 16

காலையில் மாவுப் பானையை எடுத்தேன். பாதி மாவைக் கொட்டி, உப்புத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருண்டை பிடித்தேன். தீஹ்லோ. வறுத்த பார்லி மாவில் நாங்கள் செய்கிற வேறு சாப்பாடு அது, களி இல்லை, விருந்துக்கும் உண்டு வேடிக்கைக்கும் உண்டு. கவட்டைக் குச்சியில் குத்திக் குழம்பில் தோய்த்துத் தின்பது. நோன்பு என்பதால் குழம்பில் இறைச்சி இல்லை, மிளகாயும் வெங்காயமும்தான்.

நடுவில் குழம்பு, சுற்றி உருண்டை. அவள் முன்னால் தட்டை வைத்தேன்.

அவள் தட்டைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள். "இது அந்த மாவுதானே?"

"அந்த மாவுதான்."

"களிக்குன்னு..."

"களிக்கு யாரும் காத்துக்கிட்டு இல்ல. நான் கேட்டதை நானே திருப்பி எடுத்துக்கிட்டேன் திர்ஹாஸ். நீ தரேன்னு சொன்னதையும் வாங்கிக்கல. நீ எனக்கு ஒண்ணும் தர வேண்டியதில்ல. உனக்கு வேணும்னா பெத்துக்கோ, உன் குழந்தை. வேண்டாம்னா வேண்டாம். ரெண்டுக்கும் நான் கூட வரேன். பெஞ்சுலயே உக்காந்திருக்கேன், உதைக்க மாட்டேன்."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் சிரித்தாள். வந்ததிலிருந்து முதல் தடவை. "பெஞ்சை உதைச்சீங்களா?"

"கட்டைவிரலைப் பாரு."

பார்த்தாள். பிறகு ஒரு உருண்டையைக் குத்திக் குழம்பில் முக்கித் தின்றாள். இன்னொன்று. தட்டில் பாதி போய்விட்டது. நானும் ஒரு உருண்டை எடுத்துத் தின்றேன். மிளகாய் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இரவல் வாங்காத ஒரு குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது.

மெகாபித் 18

ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் ஆயுளில் இவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததில்லை.

மெகாபித் 20

"நாளன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வரீங்களா அண்ணி?" என்றாள், துணி உலர்த்திக்கொண்டே.

"வரேன்."

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"நீ சொன்னா கேட்டுக்கறேன்."

துணியை உதறிக் கொடியில் போட்டாள். "எனக்கு அது மேல கோபமில்ல. கோபம் இருந்தா சுலபமா இருந்திருக்கும். என்னால முடியல, அவ்வளவுதான். என் உடம்பு எனக்குத் திரும்ப வேணும்." சற்றுப் பொறுத்து, "உங்களுக்கு வருத்தம்தானே?" என்றாள்.

வருத்தம்தான் என்றேன். அவளிடம் இனிமேல் பொய் சொல்வதில்லை. "ஆனா அது என் வருத்தம். நீ அதைத் தூக்க வேண்டாம்." ஈரக் கையோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். என் முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

மெகாபித் 21

மரியாள் நாள். தேவாலயத்துக்குப் போனேன். என்ன கேட்டேன் என்று எழுதமாட்டேன்.

மெகாபித் 22

முடிந்தது. நல்லபடியாக. உள்ளே போகும் முன்பு சிஸ்டர் அல்கனேஷ் அவளைத் தனியாகக் கூட்டிப்போய் இன்னொரு முறை கேட்டாளாம், உனக்கு என்ன வேண்டும் என்று. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என்னோடு இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு அம்மா, ஒரு புருஷன். ஒருவரையொருவர் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தப் புருஷன் எழுந்துபோய் எனக்கும் சேர்த்துத் தேநீர் வாங்கி வந்தார்.

திரும்பும்போது அவள் என் தோளில் சாய்ந்துகொண்டே வந்தாள்.

மெகாபித் 23

இன்று நடந்ததை விடாமல் எழுதவேண்டும்.

காலையில் படுத்தபடியே, "மிச்ச மாவு இருக்கா அண்ணி?" என்றாள்.

"இருக்கு."

"எனக்குக் களி வேணும்."

நான் திரும்பிப் பார்த்தேன். களி பெற்றவளுக்கு. அவளுக்கும் அது தெரியும். "உடம்பு சண்டை போட்டுட்டுத் திரும்பி வந்தவளுக்குத்தானே களி" என்றாள். "நான் வரலையா?"

எழுந்து அடுப்பை மூட்டினேன். தண்ணீர் கொதித்தது, மாவைப் போட்டுக் கட்டி தட்டாமல் கிண்டினேன், தோள் இறங்கிவிட்டது. வெண்ணெய்க்கு எங்கே போவது? தலைக்கு வைத்திருந்த சட்டியை எடுத்தேன். உருக்கி, மசாலா போட்டு, அது பொரிந்து வாசனை கிளம்பியதும்தான் எனக்கு உறைத்தது. நோன்பு. ஸாஃபு அக்கா. நோன்பு நாளில் ஒரு வீட்டில் வெண்ணெய் உருகினால் ஒன்று நோயாளி, இல்லை பிள்ளை பெற்றவள். களி வாசனையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன், ஜன்னலில் துணியை அடைத்தேன்.

"கதவைத் திறங்க அண்ணி" என்றாள் திர்ஹாஸ்.

"ஸாஃபு அக்கா வந்துருவா."

"வரட்டும். நான் திருடிச் சாப்பிடல."

திறந்தேன். ஜன்னல் துணியையும் எடுத்தேன். களியைக் குவித்து, குழி பறித்து, வெண்ணெயை ஊற்றி அவள் மடிக்கு அருகில் வைத்தேன். முதல் வாயை அவள் தனக்கு எடுக்கவில்லை. எடுத்து, வெண்ணெயில் தோய்த்து, என் வாயில் வைத்தாள். "ஒன்பது வருஷமா நீங்க எல்லாருக்கும் வறுத்தீங்க" என்றாள்.

அதை வாயில் வைத்துக்கொண்டு நிற்கும்போது ஸாஃபு அக்கா வாசலில் வந்து நின்றாள்.

களியைப் பார்த்தாள். படுக்கையைப் பார்த்தாள். குழந்தையைத் தேடினாள், அது அவள் கண்ணிலேயே தெரிந்தது. இல்லை. திர்ஹாஸின் முகத்தைப் பார்த்தாள். திர்ஹாஸ் தலையைக் குனியவில்லை. இந்த ஊரில் இந்த வருஷம் யாருக்கும் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கிழவி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லியிருந்தால் கரண்டியாலேயே அடித்திருப்பேன்.

செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். "களியைத் தனியா சாப்பிட விடுவாங்களாடி?" என்றாள் என்னைப் பார்த்து. "அக்கம்பக்கம் செத்தா போச்சு?"

"நோன்பு அக்கா..." என்றேன்.

"அது எனக்கும் ஆண்டவனுக்கும். நீ மிளகாய் போட்டது பத்தல, கொண்டா."

அறுபது வருஷ நோன்பு. வெண்ணெய்க் குழியில் விரலைவிட்டுத் தின்றாள். பிறகு திர்ஹாஸின் தலையைத் தடவிக்கொடுத்து, "யாரு பின்னுனது? கோணலா இருக்கு" என்றாள்.

கோணலாக இல்லை. இதையும் எழுதிவைக்கிறேன்.

கின்போத் 6

அண்ணனிடம் சொன்னாள். தொலைபேசியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். நான் போகவில்லை. திரும்பி வந்து, "அழுதான். அப்புறம் பக்கத்துல அண்ணி இருந்தாளான்னு கேட்டான். இருந்தாங்கன்னு சொன்னேன்" என்றாள்.

ஹம்லே 20

போன மாதத்திலிருந்து தொலைபேசி செத்துவிட்டது, சாலையும் அடைத்தாயிற்று. மெஹாரி எப்படி இருக்கிறாரோ. சிப்பாய்கள் போய்விட்டார்கள், மாவு விலைதான் போகவில்லை.

திர்ஹாஸ் இப்போது இந்த மாதிரிப் பெண்கள் தங்கும் பாதுகாப்பு இல்லத்தில் அவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், சிஸ்டர் அல்கனேஷ் கேட்டதால். அங்கே மெத்ஹின் என்று ஒரு பெண். அவளுக்கும் அதேதான் நடந்தது. அவள் பெற்றுக்கொள்கிறேன் என்று சொன்னவள். முந்தாநாள் பெண் குழந்தை பிறந்தது. அவளுக்கு ஊரில் யாரும் மிச்சமில்லை. "பார்லி வறுக்க ஆள் வேணும் அண்ணி" என்றாள் திர்ஹாஸ். வெண்ணெய்ச் சட்டியோடு போனேன். ஸாஃபு அக்காவும் கூட வந்தாள், யாரும் கூப்பிடாமலே.

இல்லத்துப் பெண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் கிண்டினேன். குழந்தையை யாரோ என் மடியில் வைத்தார்கள். நிறைய முடி. பார்த்துக்கொண்டே இருந்தேன், பிறகு அதன் அம்மாவிடம் கொடுத்தேன். முன்பு நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை. வலிக்காமலும் இல்லை.

ஒருத்தி, புதிதாக வந்தவள், திர்ஹாஸைப் பார்த்து, "உனக்குக் குழந்தை இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றாள் திர்ஹாஸ். "ஆனா எங்கண்ணி எனக்கும் களி கிண்டினாங்க."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு இன்னும் வயிறு தெரியவில்லை, ஆனால் கையை அங்கேதான் வைத்திருந்தாள். மெத்ஹின் தட்டைச் சற்றுத் திருப்பி, வெண்ணெய் வழிந்திருந்த பக்கத்தை அந்தப் பெண்ணின் பக்கம் தள்ளினாள். திர்ஹாஸ் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.

"உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள் திர்ஹாஸ், அவளிடம் மட்டும், மெதுவாக.

"தெரியல" என்றாள் அந்தப் பெண்.

"சரி. இப்ப சாப்பிடு" என்றாள் திர்ஹாஸ்.

வெண்ணெய்ச் சட்டியை வழித்துத் தீர்த்துவிட்டோம். நாளைக்கு இரண்டு தலை வருகிறது. யாரிடமாவது கேட்டு வாங்க வேண்டும்.